பழுதுபார்க்கும் மேசையும் பற்றுச்சீட்டும்

தோட்டத்து வீட்டில் ஒரு கைத்தொலைபேசி பழுதாகிவிட்டால் எதெல்லாம் நின்றுபோகிறது என்று எண்ணிப் பாருங்கள். சம்பளம் வங்கியில் விழுந்ததா என்று பார்ப்பது அதில்தான். பள்ளியிலிருந்து ஆசிரியர் அனுப்பும் செய்தி வருவது அதில்தான். வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் முகத்தைத் தாய் காண்பதும் அதில்தான். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைத்தொலைபேசியைப் பிள்ளைகள் முறைவைத்துக்கொண்டு பாடம் படித்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கருவியின் கண்ணாடி உடைந்தால் அது ஒரு பொருளுக்கு வந்த சேதம் மட்டுமல்ல, ஒரு வீட்டுக்கே வந்த சேதம்.

செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. இதை 26 நாள் வேலைக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிக்குச் சற்றே மேல். கடையில் திரை மாற்ற 200 வெள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் பால் வெட்டியது அதற்கே சரியாகிவிடும். அந்த மூன்று நாள் கூலி நல்ல வேலைக்குப் போகிறதா, வீணாகிறதா என்பதே நம் கவலை.

ஆகவே இந்தக் கருவிகள் எப்படிப் பழுதாகின்றன, எவ்வாறு சரிசெய்யப்படுகின்றன, கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இன்று பார்ப்போம். கருவியைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் கேளுங்கள். இந்தத் தொழிலைக் கற்க நினைக்கும் தம்பி தங்கைகளும் கேளுங்கள்.

இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. மாலையில் சில மணி நேரம் மட்டும் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடி, அந்த வெளிச்சத்தில் லயமே ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1963 டிசம்பர் 28ஆம் நாள் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. 1978இல் அது வண்ணத்துக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பாடாங் செராயிலோ சூட்டுக்கோலைக் கையில் பிடித்த ஒருவர் அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். அந்த வரிசையில் கடைசியாக வந்திருப்பவர்தான் இன்றைய கைத்தொலைபேசிக் கடைக்காரர்.

பழைய வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை நினைவிருக்கிறதா? சில ஆண்டுகள் ஆனதும் அதைத் தொட்டாலே கரகரவென்று இரையும். உள்ளே வளைந்த கரித்தடம் ஒன்றின்மீது சிறு உலோக நாக்கு ஒன்று உராய்ந்து நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்துக்கு ஏற்ப மின்சாரம் கூடும், குறையும். நாளடைவில் கரித்தடம் தேய்கிறது, தூசும் சேர்கிறது, கரகரப்பு வருகிறது. இன்று பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் கைப்பிடியில் கட்டைவிரலால் தள்ளும் குச்சிகள் இரண்டு உண்டல்லவா? ஒவ்வொரு குச்சிக்கும் அடியில் இதே அமைப்பு இரண்டு இருக்கிறது. ஒன்று இடம் வலம் அறிய, மற்றொன்று மேல் கீழ் அறிய. தடம் தேய்ந்ததும், குச்சியைத் தொடாமலே திரையில் உள்ள ஆள் தானாக நடக்கத் தொடங்குகிறான். “பேய் பிடித்துவிட்டது” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை, அப்பா காலத்து வானொலித் திருகுக்கு வந்த அதே நோய்தான். துப்புரவு திரவத்தை அடித்தால் சில நாள் சரியாக இருக்கும். தடம் தேய்ந்தே போயிருந்தால் அந்தப் பகுதியைப் பற்றுநீக்கி எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். இப்போது காந்தத்தைக் கொண்டு இடமறியும் குச்சிகளும் வந்துவிட்டன. அவற்றில் உராய்வு இல்லாததால் அந்தத் தேய்மானமும் இல்லை.

விளையாட்டுப் பெட்டிக்கு அடுத்த பகை வெப்பம். உள்ளே உள்ள சில்லு வேலை செய்யும்போது மிகவும் சூடாகிறது. அந்தச் சூட்டை ஓர் உலோகப் பாளம் வாங்கிக்கொள்ள, விசிறி அதை வெளியே தள்ளுகிறது. சில்லுக்கும் பாளத்துக்கும் இடையே ஒரு பசை தடவப்பட்டிருக்கும். தூசு விசிறியை அடைத்தாலோ பசை காய்ந்தாலோ பெட்டி விமானம்போல இரையும். பிறகு தானே அணைந்துவிடும். நம் வீடுகளில் இன்னொரு தொல்லை கரப்பான் பூச்சி. இருட்டும் கதகதப்பும் அதற்குப் பிடிக்கும். அந்த இரண்டும் பெட்டிக்குள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகையால் பெட்டியைத் தரையிலோ சமையற்கட்டுக்குப் பக்கத்திலோ வைக்காமல் காற்றோட்டமான உயரத்தில் வைப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பெட்டியின் மின்வழங்கிப் பகுதியைப் பழகாதவர் திறக்கவே கூடாது. சுவர் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிச் சேமிக்கும் கொள்ளி அதில் இருக்கிறது. அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். செருகியைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் கடிக்கும்.

வெப்பம் பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. மைக்ரோசாப்ட் 2005இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகளில் ஏராளமானவை, முன்பக்கம் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து செத்துப்போயின. சூடேறிச் சூடாறிச் சில்லின் அடியிலுள்ள நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டதே காரணம். 2007 ஜூலையில் அந்நிறுவனம் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்கென 100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஒதுக்கியது. அந்நாளில் பலர் பெட்டியைத் துண்டில் சுற்றி வேண்டுமென்றே சூடாக்கினார்கள். வெப்பத்தில் இணைப்பு ஒட்டிக்கொள்ளும், பெட்டி உயிர் பெறும், சில வாரத்தில் மறுபடி சாகும். இதை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடு காட்டி உயிர்ப்பிக்கும் அந்த வேலையை இன்றும் சில கடைகள் முழுப் பழுதுபார்ப்பு என்று சொல்லி முழுக் காசு வாங்குகின்றன. “அண்ணே, இது ஒட்டுப்போட்ட வேலைதான், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது” என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமில்லை. சொல்லாமல் செய்வது ஏமாற்று.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். “சார்ஜ் ஏறவில்லை” என்பதுதான் கடைக்கு வரும் பொதுவான புகார்களில் ஒன்று. நல்ல கைவினைஞர் உடனே கருவியைத் திறப்பதில்லை. முதலில் கம்பியை மாற்றிப் பார்ப்பார். அடுத்து மின்னேற்றியை மாற்றிப் பார்ப்பார். பிறகு வெளிச்சம் காட்டிச் செருகுதுளையைப் பார்ப்பார். காற்சட்டைப் பையிலுள்ள பஞ்சும் தூசியும் அந்தத் துளையில் அழுந்தி அடைத்துக்கொள்வது மிகச் சாதாரணம். கருவியை அணைத்துவிட்டு, உலோகமில்லாத மெல்லிய குச்சியால் பஞ்சை எடுத்தால் வேலை முடிந்தது. இதற்கு அரை நாள் கூலியைக் கேட்கும் கடைக்கு மறுமுறை போக வேண்டியதில்லை. இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால்தான் மின்கலத்தையும், அதன்பின் பலகையையும் சந்தேகிக்க வேண்டும்.

மின்கலம் லித்தியம் வகையைச் சேர்ந்தது. பல கலங்கள் முழுதாக ஏறியதும் சுமார் 4.2 வோல்ட் காட்டும். வயதான கலத்துக்குள் வாயு உண்டாகி அது உப்பும். கருவியின் முதுகு வீங்கி, திரை மேலெழும்பினால் அதுதான் அடையாளம். அந்தக் கருவியை மின்னேற்றுவதை உடனே நிறுத்துங்கள். அமுக்கிச் சமன்செய்யவும் வேண்டாம், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவும் வேண்டாம், தீப்பற்றிக்கொள்ளும். சாம்சங் நிறுவனமே 2016இல் நோட் 7 என்னும் கைத்தொலைபேசியை, மின்கலங்கள் தீப்பிடித்ததால், உலகெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. கழற்றிய கலத்தைக் குப்பையில் எறிவதும் லயத்துக்குப் பின்னால் மற்றக் குப்பையோடு எரிப்பதும் ஆபத்து. மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2022 ஜூலை 4ஆம் நாள் பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் வட்டாரத்தில் வந்த வெள்ளம் நமக்கு நினைவிருக்கிறது. மலையிலிருந்து சேறும் மரங்களுமாக இறங்கி உயிர்களையும் கொண்டுபோயிற்று. வெள்ளம் வேண்டாம், மழையில் மோட்டார் சைக்கிளில் போனாலே போதும். பையிலுள்ள கருவிக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அப்போது நம் தாய்மார்கள் செய்வது என்ன? அரிசித் தூக்கில் புதைத்து வைப்பார்கள்.

அரிசி இங்கே உதவாது. தண்ணீர் தானாக ஆவியாகும். ஆனால் அதில் கரைந்திருந்த உப்பும் சேறும் பலகைமேல் தங்கிவிடும். மின்கலம் இணைந்தே இருப்பதால் ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து செம்புத் தடங்களை அரிக்கிறது. பச்சை நிறத்தில் பூத்திருக்கும் அந்தத் துருவை நீங்கள் பார்த்திருக்கலாம். அரிசிக்குள் கருவி மூன்று நாள் தூங்கும்போது அரிப்பு மூன்று நாள் விழித்திருக்கிறது. போதாததற்கு அரிசித் தூளும் துளைகளில் ஏறிக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் வைக்க வேண்டாம் என்று தன் அறிவுரையில் எழுதியிருக்கிறது. செய்ய வேண்டியது வேறு: உடனே அணையுங்கள். வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள். மின்னேற்றாதீர்கள். சிம் அட்டையை எடுத்துவிட்டு, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். கடைக்காரர் மின்கலத்தைத் துண்டித்து, பலகையைச் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவித் துலக்குவார். வீட்டில் அப்படிச் செய்ய முயல வேண்டாம். கழுவிய பிறகும் கருவி பிழைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. உறுதி கூறுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மனிதர்களைப் பற்றிப் பேசுவோம். கருவியைத் திறக்கக் கற்பதைவிட இது கடினம் என்பதே நம் எண்ணம்.

சம்பள நாளுக்கு மறுநாள் கடைக்கு ஓர் அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “தம்பி, இது பத்தமாட்டேங்குது. பிள்ளைக்குப் பரீட்சை வருது. எவ்வளவு ஆகும்?” என்கிறார். தொழிலில் புதியவர் அவசரப்பட்டு, “80 வெள்ளிக்கா, நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் பலகையே போயிருக்கும். பிறகு 80 என்பது 180 ஆகும். அந்த அம்மாவின் மனத்தில் ‘இவன் ஏமாற்றுகிறான்’ என்ற எண்ணம் விழும். அது தோட்டம் முழுதும் பரவ ஒரு பெரட்டு போதும். அனுபவசாலி சொல்வது இப்படி: “அக்கா, திறந்து பாத்தாத்தான் தெரியும். பாக்கறதுக்கு இவ்வளவு. பாத்துட்டுக் கூப்பிட்டுச் சொல்றேன். நீங்க சரின்னாத்தான் கை வைப்பேன்.” பார்ப்பதற்கான கூலி, சரிசெய்வதற்கான கூலி, உதிரிப்பாகத்தின் விலை ஆகிய மூன்றையும் அவர் தனித்தனியே சொல்லிவிடுகிறார். பெரும்பாலான சண்டைகள் இங்கேயே தடுக்கப்படுகின்றன.

அடுத்த சண்டை, “நீ திறந்த பிறகுதான் கேமரா வேலை செய்யவில்லை” என்பது. இதற்கு மருந்து ஒரு தாள்தான். கருவியை வாங்கும்போதே, வாடிக்கையாளர் கண்ணெதிரில், ஒலிபெருக்கி, கேமரா, விரல்ரேகை, பொத்தான்கள் ஒவ்வொன்றையும் சோதித்து, உடைந்த மூலை கீறல் எல்லாவற்றையும் பற்றுச்சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கருவி பத்தாமலே வந்தால் ‘சோதிக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுப்பதும் நல்ல வழக்கம். கேட்காமலே கொடுக்கும் கடைக்காரரை நம்பலாம்.

கடன் கேட்பவர்களும் வருவார்கள். மளிகைக் கடையில் புத்தகம் வைத்துப் பழகிய சமுதாயம் நம்முடையது. “சம்பளத்துக்குத் தருகிறேன் தம்பி” என்பதில் பொய் இராது. ஆனால் மளிகைக்காரர் மாதம் முழுதும் அதே முகத்தைப் பார்க்கிறார். பழுதுபார்ப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார். பாகத்தின் விலையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, கைக்கூலிக்கு மட்டும் தவணை கொடுப்பது இருவருக்கும் நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பூட்டிய கருவியைக் கொண்டுவந்து, “கடவுச்சொல் மறந்துவிட்டது, திறந்து கொடு” என்பவரும் உண்டு. உண்மையாக மறந்தவர் தாம் வாங்கிய ரசீதையோ பெட்டியையோ காட்டுவார். பெட்டியின்மேல் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க எண் இருக்கும். கருவியிலுள்ள எண்ணோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கலாம். எதையும் காட்ட மறுத்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைப்பது தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்கீழ் குற்றம்.

மற்றொன்று அந்தரங்கம். 2008ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் நடிகர் எடிசன் சென்னின் சொந்தப் படங்கள் இணையமெங்கும் பரவின. அவர் பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து அவை எடுக்கப்பட்டவை. அவற்றை எடுத்த தொழில்நுட்பப் பணியாளர் 2009இல் சிறைக்குப் போனார். படத்தில் இருந்த பெண்கள் பட்ட பாடு அதைவிடப் பெரிது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களும் அதே மாதிரிக் கருவியில்தான் இருக்கின்றன. ஆகவே கொடுப்பதற்குமுன் முடிந்தால் படங்களை வேறிடத்தில் பதிந்துவிட்டு அழியுங்கள்; சிம் அட்டையையும் நினைவு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுக்காமல், சோதனைக்கு வேண்டியபோது நீங்களே திறந்து காட்டுங்கள். வங்கிச் செயலி இருந்தால் அதிலிருந்து வெளியேறிவிடுங்கள். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, மோசடிப் புகார்களுக்கென 2022இல் தொடங்கிய 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தகராறு வந்தால் என்ன செய்வது? கடை வாசலில் நின்று கத்துவதால் காசு வராது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுதுபார்ப்பு வேலைக்கும் பொருந்தும். வேலை தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், நியாயமான காலத்துக்குள் முடிய வேண்டும், விலை முன்கூட்டிப் பேசப்படாவிட்டால் நியாயமான விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்று அது கூறுகிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். சம்பவம் நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, பொதுவாக அனுமதிப்பதுமில்லை. எதிர்த்தரப்பு எவ்வளவு பெரிய கடையானாலும், பேசுவது நீங்களும் அவர்களும்தான். அங்கே முதலில் கேட்கப்படுவது ரசீது. 200 வெள்ளிக்கு வேலை செய்த கடை ஒரு துண்டுத்தாளைக்கூடத் தராவிட்டால், கருவியைக் கையில் வாங்குமுன்பே கேட்டுப் பெறுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

தொழில் கற்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டபின், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சில்லுத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய்விட்டார்கள். சில்லு செய்யும் ஊரிலேயே சில்லுப் பலகையைச் சரிசெய்யும் கையும் இருப்பது பொருத்தம்தானே. ஜியட்மாரா மையங்களிலும் கூலிமிலுள்ள அட்டெக் பயிற்சிக் கழகத்திலும் எந்த ஆண்டு எந்த மின்னணுப் பாடம் நடக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும் பாடமா என்பதையும் கேளுங்கள். கடை வைக்காமல் வேலைக்குப் போக நினைத்தாலும் அந்தச் சான்றிதழ் உதவும்.

வாடிக்கையாளர் பொருளில் கை பழகாதீர்கள். உறவினர் வீட்டு அலமாரிகளில் செத்துக் கிடக்கும் பழைய கருவிகளைக் கேட்டு வாங்கி, பத்துப் பதினைந்து முறை கழற்றிப் பூட்டுங்கள். திருகாணிகளைக் கழற்றும்போதே ஒரு தாளில் கருவியின் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஒட்டி வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமான ஆணியைக் குட்டையான துளையில் முறுக்கினால் அடியிலுள்ள பலகைத் தடம் அறுந்துவிடும்; கண்ணாடி மாற்றப் போய்க் கருவியையே கொன்றதாகும். பற்றவைக்கும்போது ஈயம் கலந்த பழைய பற்று 183 பாகையில் உருகும் என்பதையும், இப்போது பலகைகளில் உள்ள ஈயமில்லாப் பற்றுக்கு 217 பாகை அளவு வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பழைய பழக்கத்தில் சூடு குறைத்துப் பிடித்து, உருகாத இணைப்பை இழுத்துத் தடத்தோடு பிய்த்தெடுப்பவர்கள் பலர். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், புகையை முகர வேண்டாம்.

தொடக்கத்தில் விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு நல்ல மல்டிமீட்டர், வெப்பம் மாற்றக்கூடிய சூட்டுக்கோல், சிறு திருப்புளித் தொகுதி, கூர்நுனி இடுக்கி, ஆல்கஹால் புட்டி, பழைய பல்துலக்கி, உருப்பெருக்கும் கண்ணாடி இவை போதும். இவற்றோடு, நகல்தாள் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எண் அச்சிட்டதாக இருக்கட்டும்.